காலித் தோட்டாவுக்குக் கழிச்சது

ஒரு மனுசன் கையில துப்பாக்கியைக் குடுத்தா முதல்ல என்ன பண்ணுவான் தெரியுங்களா? மோந்து பார்ப்பான். டாக்டரா இருந்தாலும் சரி, மில்லுக்காரனா இருந்தாலும் சரி, குழலை மூக்குக்கிட்டக் கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுப்பான். அப்புறம் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பான். முப்பத்தெட்டு வருசமா அந்தச் சிரிப்பைப் பார்க்கறேனுங்க. நான் மூஞ்சியைத் திருப்பிக்குவேன்.

இல்லீங்க, பயப்படாதீங்க, இந்தப் பையில அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு துண்டு, பிரஷர் மாத்திரை, கடை லெட்டர்பேடு, அவ்வளவுதான். கோயமுத்தூர்ல துப்பாக்கிக் கடைங்க எனக்கு. லைசன்ஸ் கடை. அப்பா ஆரம்பிச்சது. வாங்கறோம், விக்கறோம், ரிப்பேர் பண்றோம். பழசுக்கு விலை மதிப்புப் போட்டுக் குடுக்கறோம். அதுலதான் எனக்குப் பேரு. மருதாசலம் ஒரு விலை சொன்னா அதுக்கு மேல பேச்சில்லம்பாங்க. பெருமைக்குச் சொல்லலீங்க. உடுமலையில ஒரு வீட்டுக்குப் போயிட்டு இந்த பஸ்ல ஊருக்குத் திரும்பறேன். காலையில பத்து மணிக்கு அந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சதுலருந்து வாயெல்லாம் ஒரே கசப்பு. யார்கிட்டயாச்சும் சொன்னா அடங்கும்னு இருக்கு. நீங்க தூங்கணும்னா சொல்லுங்க, நிறுத்திக்கறேன்.

உங்களுக்குப் பழைய ரிவால்வர் விலை எப்படிப் போடறதுன்னு தெரியாது. சுலபம்தான். உடம்புல ஒரு நம்பர் அடிச்சிருக்கும், சிலிண்டர்ல ஒரு நம்பர் இருக்கும். சிலிண்டர்ங்கறது தோட்டா போடற உருளை, ஆறு அறை இருக்கும். ரெண்டு நம்பரும் ஒண்ணா இருக்கணும். அப்புறம் மேல்பூச்சு. பழைய கருநீலம் மங்கிக் கிடந்தாலும் பரவால்ல, புதுசா பாலிஷ் போட்டு மினுக்கினா பாதி விலை போச்சு. சிலிண்டரைப் பிடிச்சு ஆட்டினா ஆடக் கூடாது. குழலுக்குள்ள டார்ச் அடிச்சா உள்ள வரி வரியாச் சுத்திக்கிட்டுப் போகும், அது துரு அரிக்காம கூர்மையா இருக்கணும். இவ்வளவுதான். இப்பெல்லாம் வெளிநாட்டு சாமான் உள்ள வர்றதில்ல பாருங்க, அதனால அந்தக் காலத்து இங்கிலாந்து ரிவால்வர்னா நம்மூர்ல யானை விலை. நான் கையில வாங்கி ஒரு நிமிசத்துல சொல்லிருவேன்.

போன வருசத்துக்கு முந்தின வருசம், ஐப்பசி மாசம். நல்ல மழை. ஒரு அண்ணன் தங்கச்சி காரை விட்டு இறங்கி கடைக்குள்ள வந்தாங்க. அண்ணன் பேரு ஜெயச்சந்திரன், அறுபது வயசு இருக்கும், விரல்ல ரெண்டு மோதிரம். தங்கச்சி கோமளவல்லி, பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர், அம்பத்து ரெண்டு வயசு. ரெண்டு பேரும் உடுமலை. அவங்க அப்பா பத்மநாபன்னு, அந்தக் காலத்துல பருத்தியிலருந்து கொட்டையைப் பிரிக்கிற ஜின்னிங் ஃபேக்டரி வெச்சிருந்தவரு. வார வாரம் கூலிப் பணம் எடுத்துக்கிட்டு வர்றதுக்குப் பாதுகாப்புன்னு லைசன்ஸ் வாங்கியிருக்காரு. எம்பத்தாறு வயசுல தவறிட்டாரு. லைசன்ஸ்காரர் செத்துட்டா வீட்ல துப்பாக்கி இருக்கக் கூடாதுங்க. வாரிசு யாராச்சும் லைசன்ஸ் வாங்கணும், இல்லேன்னா எங்களை மாதிரிக் கடைக்கு வித்துரணும். இவங்க ஸ்டேஷன்ல எழுதி வாங்கிக்கிட்டு விக்கறதுக்கு வந்திருந்தாங்க.

அப்பா போயி நாப்பது நாள்தான் ஆகியிருந்துச்சு. அந்த ஜெயச்சந்திரன் உக்காரக்கூட இல்ல. "அஞ்சு லட்சம் போகும்னு போன்ல பார்த்தேன். நீங்க என்ன தருவீங்க?" அப்படின்னாரு. பொருளையே இன்னும் வெளிய எடுக்கல. பெத்தவன் வெச்சிருந்த சாமான், ஒரு தடவை கையில வெச்சுப் பார்ப்போம்னுகூடத் தோணல. இப்படி ஆளுங்களைப் பார்த்தாலே எனக்கு ஆகாதுங்க.

"எடுங்க, பார்ப்போம்"னேன்.

தோல் உறை. உள்ள பட்டுத்துணி சுத்தி இருந்துச்சு. பிரிச்சேன். நம்பர் ரெண்டும் ஒண்ணு. கருநீலம் அப்படியே இருக்கு, கைப்பிடியில ஒரு கீறல் இல்ல. ஐம்பது வருசத்துச் சாமான்னு சொல்லவே முடியாது. மூணு லட்சம்னு மனசுல விழுந்துருச்சு. வாயைத் திறக்கல.

அந்த மாடல் நடுவுல மடிச்சாத் திறக்கும். மடிக்கறேன், வர மாட்டேங்குது. எண்ணெய் விட்டு, கொஞ்சம் ஊறவெச்சு, மரச்சுத்தியால மெதுவாத் தட்டினேன். திறந்துச்சு பாருங்க. ஆறு அறையிலயும் தோட்டா. லோடு பண்ணின துப்பாக்கியைக் கார் சீட்டுக்கு அடியில போட்டு எடுத்துட்டு வந்திருக்காங்க. தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷன்ல குடுத்து வாங்கியிருக்காங்க, எந்த ஏட்டாவது திறந்து பார்த்திருக்கானா? உறையைத் திறந்து நம்பரை எழுதிக்கிட்டு கட்டி வெச்சிருக்கானுங்க. அத்தனை வருசமும்.

அஞ்சு தோட்டா எடுத்தேன். வெடிக்காதது. ஆறாவது வரல. பாசி பிடிச்ச மாதிரி பச்சை பூத்து அறையோட ஒட்டிக்கிடந்துச்சு. பித்தளைக் கம்பியை விட்டு முன்பக்கமிருந்து தட்டினேன். கண்ணாடி மேஜை மேல விழுந்துச்சு. காலித் தோட்டா. முனை இல்ல. பின்னாடி ஊசி குத்தின பள்ளம்.

அந்தம்மா அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசலைங்க. "இது ஏன் மத்தது மாதிரி இல்ல?"ன்னு கேட்டாங்க.

"இது வெடிச்சதுங்கம்மா. வெறும் கூடு."

"எப்ப வெடிச்சது?"

நான் டார்ச்சை அடிச்சு அந்த அறையைப் பார்த்தேன். மத்த அஞ்சும் கண்ணாடி மாதிரி இருக்கு. அது மட்டும் அரிச்சு அம்மைத் தழும்பு மாதிரி கிடக்கு. குழல்லயும் அரிப்பு. சுட்டதுக்கு அப்புறம் துடைக்காம விட்டா அப்படித்தான் ஆகும். நான் விலையைக் குறைக்கறதுக்குத்தாங்க சொன்னேன், சத்தியமா வேற நெனப்பு இல்ல. "நாப்பது நாப்பத்தஞ்சு வருசம் இருக்கும்ங்கம்மா. ஒரே ஒரு தடவை சுட்டிருக்காங்க. அப்புறம் திறக்கவே இல்ல. சுத்தம் பண்ணி வெச்சிருந்தா இந்த அறை கெட்டிருக்காது. விலையில கழிச்சுத்தான் ஆகணும்."

அந்தம்மா அண்ணனைப் பார்த்தாங்க.

"அப்பா நாயைச் சுட்டாரு"ன்னாரு ஜெயச்சந்திரன். "வெறி நாய். எனக்கு ஞாபகம் இருக்கு."

"என்கிட்ட யாரும் சொன்னதில்லையே."

"நீ சின்னப் புள்ளை."

அவ்வளவுதான் பேச்சு. ஆனா நான் எதைப் பார்த்தேன்னா, அஞ்சு லட்சம்னு நின்னுக்கிட்டு இருந்த மனுசன் உக்காந்துட்டாரு. கர்ச்சீப்பை எடுத்து மூஞ்சியைத் துடைக்கறாரு. மழைக்காலத்துல, ஃபேன் ஓடுது, அந்தாளுக்கு வேர்க்குது. விலையைப் பத்தி அப்புறம் ஒரு வார்த்தை கேக்கல. "முழுசாப் பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன், துப்பாக்கி இங்கயே இருக்கட்டும்"னு ரசீது போட்டுக் குடுத்தேன். போயிட்டாங்க.

மறுநாள் காலையில கடை திறக்கறேன், போன் அடிக்குது. அண்ணன்காரரு.

"என்னங்க, பார்த்தீங்களா?"

"பார்த்தேங்க. அறை ரொம்பக் கெட்டிருக்கு. குழலும் அரிச்சிருக்கு. வேலை நிறைய இருக்கு." மனசுல மூணு லட்சம் இருக்கு. அரிப்புக்கு எவ்வளவு கழிக்கலாம், முப்பதாயிரம், மிஞ்சிப்போனா நாப்பதாயிரம். வாயில என்ன வந்துச்சுன்னா, "ஒரு லட்சம் தரலாம்"னு வந்துச்சு. சண்டைக்கு வருவாரு, அப்புறம் ரெண்டு, ரெண்டரைன்னு முடிச்சுக்கலாம்னு இருந்தேன்.

"சரிங்க"ன்னாரு.

எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு.

"இன்னொண்ணு. என் தங்கச்சி உங்க கடைக்கு வந்தா, அந்தக் காலித் தோட்டா விசயம், அதைப் பத்தி எதுவும் பேச வேண்டாம். அவளுக்கு மனசு கொஞ்சம் சரியில்ல."

"எனக்கென்னங்க, நான் வியாபாரி"ன்னேன்.

ஒரு லட்சத்துக்கு ரெண்டு வாரிசும் கையெழுத்துப் போட்டாங்க. ஆளுக்கு ஐம்பது. இப்ப நீங்க கேப்பீங்க, இது நியாயமான்னு. வித்தவரு வாயால சரின்னு சொல்லித்தானே வித்தாரு? நான் கழுத்தைப் பிடிச்சேனா? ஒருத்தன் எதையோ மூடறதுக்கு சாமானைக் கீழ விலைக்குத் தள்ளறான்னா அசிங்கம் அவன்கிட்ட இருக்கு. அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கலீங்க எனக்கு. என்ன மாதிரி மனுசங்கன்னு நெனைச்சு.

பத்து நாள் கழிச்சு அந்தம்மா வந்தாங்க. தனியா. பஸ்ல வந்திருக்காங்க, குடை முழுக்கத் தண்ணி. கடையில வேற ஆள் இல்ல. உக்காருங்கன்னேன், உக்காந்தாங்க. அப்புறம் சொன்னாங்க.

அவங்களுக்கு அப்ப ஏழு வயசாம். தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம். பின்கட்டுல கோலப்பொடி சலிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. வீட்டுக்குள்ள டமார்னு ஒரு சத்தம். அண்ணன் தனக்குத் தராம வெடி வெடிச்சுட்டான்னு நெனைச்சு இவங்களுக்குக் கோவம். அழுதுகிட்டே உள்ள ஓடியிருக்காங்க. ரேழியிலயே அத்தை பிடிச்சுத் தூக்கிக்கிட்டாங்களாம். அப்படியே காரு. அப்படியே பழனியில அத்தை வீடு. மூணு நாள் கழிச்சுத் திரும்பி வந்தா அம்மா இல்ல. நெஞ்சு வலின்னு சொல்லியிருக்காங்க. எரிச்சு முடிச்சாச்சு.

"நாப்பத்தஞ்சு வருசமா எனக்கு அண்ணன் மேல அந்த வெடிக்குத்தாங்க கோவம்"னாங்க. "எனக்குத் தராம வெடிச்சுட்டான்னு. அன்னைக்கு உங்க கடையில அது மேஜை மேல விழுந்தப்பதான்…" அப்படியே நிறுத்திட்டாங்க.

நான் தண்ணி குடுத்தேன்.

"அண்ணன்கிட்டக் கேட்டேன், நாயின்னே சொல்றான். அத்தையும் போயிட்டாங்க. அப்பா சுட்டாரா, அம்மாவே சுட்டுக்கிட்டாளா, கை தவறியான்னு எனக்குத் தெரியாது. நான் கேஸ் போடப் போறதில்ல. யார் மேல போடறது? நீங்க பார்த்ததை ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்க. அண்ணன் முன்னாடி வெச்சுக் கேக்கறேன். அந்தக் காலித் தோட்டாவையும் குடுங்க."

நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ணியிருக்கணும்? ஒரு குடும்பத்து சாக்கடைக்குள்ள நான் ஏன் காலை விடணும்? அப்பன் செத்து ரெண்டு மாசம் ஆகல, அந்த மனுசன் மேல இப்படி ஒண்ணைக் கிளறிக்கிட்டு ஒரு பொம்பளை நாப்பது மைல் பஸ் ஏறி வருதுன்னா. எனக்கு அந்த அண்ணன் மேல இருந்த அருவருப்பு அப்ப தங்கச்சி மேலயும் வந்துருச்சு. அதுவுமில்லாம நான் அண்ணன்கிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்.

"ஒரு நாளைக்குப் பத்து துப்பாக்கி பார்க்கறேங்கம்மா. எதுல என்ன இருந்துச்சுன்னு ஞாபகம் இல்ல"ன்னேன்.

"பத்து நாளுக்கு முன்னாடி நடந்தது."

"ஞாபகம் இல்லீங்கம்மா."

"அந்தக் காலித் தோட்டா?"

"பழைய பித்தளையோட எடைக்குப் போட்டுட்டேன்."

அது மட்டும் பொய்ங்க. டிராயர்ல இருந்துச்சு. நான் நல்லதுக்குத்தான் சொன்னேன். கையில குடுத்தா அதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கும் அந்தம்மா.

குடையை எடுத்துக்கிட்டு எந்திரிச்சாங்க. வாசல்ல நின்னு, "நீங்க விலையைக் கழிக்கறப்ப ஞாபகம் இருந்துச்சே"ன்னாங்க. கணக்கு டீச்சர் பாருங்க.

அப்புறம் நான் அதை மறந்தே போயிட்டேன். குழலை மெருகு பண்ணி, அந்த அறையை முடிஞ்ச மட்டும் தேய்ச்சு, கண்ணாடிப் பெட்டியில வெச்சேன். மாசி மாசம் ஒருத்தன் வந்தான். பல்லடம் பக்கம் கல் குவாரி, வீட்டு சைட் போட்டும் விக்கறான். சக்திதரன்னு பேரு. முப்பத்தஞ்சு வயசு. கழுத்துல நாய்ச்சங்கிலி மாதிரி ஒண்ணு. புது லைசன்ஸ் வாங்கியிருக்கான், எப்படி வாங்கினானோ. ரிவால்வரைக் கையில குடுத்தேன். மோந்து பார்த்தான். சிரிச்சான்.

மூணரை சொன்னேன். ரெண்டரைக்கு வான்னான். ரொம்ப நேரம் இழுத்தான். மூணு சொன்னேன். மசியல. அப்புறம் ரிவால்வரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இது எப்பயாச்சும் வேலை செஞ்சிருக்குங்களா?"ன்னு கேட்டான்.

"நல்லா வேலை செய்யும், குறையே இல்ல"ன்னேன்.

"அதில்லீங்க. ஆளு மேல."

என்ன கேள்வி பாருங்க. பளார்னு ஒண்ணு விடலாம்னு இருந்துச்சு. எந்திரிச்சுப் போடான்னு சொல்லியிருக்கணும். ஆனா அவன் கண்ணைப் பார்த்தேன். ஒரு பளபளப்பு. பசிச்சவன் இலையைப் பார்க்கற மாதிரி. முப்பத்தெட்டு வருசமா எதிர்ல இருக்கவன் கண்ணைப் பார்த்து விலை சொல்றவன் நான். டிராயரைத் திறந்து அந்தக் காலித் தோட்டாவை எடுத்து மேஜை மேல வெச்சேன்.

சொன்னேங்க. உடுமலைன்னு சொன்னேன், ஜின்னிங் ஃபேக்டரின்னு சொன்னேன். பேரு சொல்லல, அந்த மட்டும் எனக்கு மரியாதை தெரியும். பொண்டாட்டியைச் சுட்டதுன்னு சொன்னேன். அவன் நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டுக்கிட்டான். "எதுக்குங்க சுட்டாரு?" எனக்கென்ன தெரியும்? சும்மா இருந்தா நம்ப மாட்டான். கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். நடுக்கூடத்துல வெச்சு, மஞ்சப் பட்டுப் புடவை கட்டியிருந்துச்சு அந்தம்மா, தீபாவளிக்கு எடுத்தது, ரெண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுக்கிட்டு, "வேண்டாங்க, புள்ளைங்க சின்னது"ன்னு சொல்லுச்சு, கூப்பின கையோட நிக்கறப்பவே சுட்டாருன்னு. வியாபாரத்துல பேச்சு வர்றதுதான். எனக்குப் பேச்சு நல்லா வரும்.

ஆறு லட்சம் குடுத்தான். பேரமே இல்ல. காலித் தோட்டாவைத் தனியா கேட்டு வாங்கிக்கிட்டான், உள்ளங்கையில வெச்சு செல்போன்ல போட்டோ எடுத்தான். "இதுக்கு ஒரு சக்தி இருக்குங்க"ன்னான். எனக்கு அவன் போனதும் கையைக் கழுவணும் போல இருந்துச்சு. கழுவினேன், சோப்புப் போட்டு. ஒரு பொம்பளை செத்ததுக்கு ஒருத்தன் காசைக் கூட்டிக் குடுக்கறான்னா, இந்த நாடு எங்க போகுது சொல்லுங்க.

அவன் சும்மா இருக்கலீங்க. கல்யாணம், காதுகுத்து, எங்க போனாலும் இதே பேச்சு. பொள்ளாச்சியில ஒரு விசேசத்துல பந்தி முடிஞ்சு வெத்தலை போடறப்ப சொல்லியிருக்கான். கேட்டுக்கிட்டு இருந்ததுல ஒருத்தர் அந்த டீச்சரம்மாவோட வீட்டுக்காரருக்குச் சித்தப்பா பையன். உடுமலையில ஜின்னிங் ஃபேக்டரி வெச்சிருந்து சின்ன வயசுல பொண்டாட்டியைப் பறிகொடுத்தவரு எத்தனை பேரு இருப்பாங்க?

போன வாரம் எனக்கு ஒரு ரிஜிஸ்டர் தபால் வந்துச்சு. கோமளவல்லின்னு கையெழுத்து. அழகான எழுத்து. "ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் வீட்டுக்கு வரவும். கடை லெட்டர்பேடு கொண்டு வரவும். வராவிட்டால் கலெக்டர் அலுவலகத்துக்கு எழுதுவேன்." அடுத்த மாசம் எனக்குக் கடை லைசன்ஸ் புதுப்பிக்கணும். என்ன பண்றது. போனேன்.

சின்ன வீடுங்க. வாசல்ல செம்பருத்தி. அவங்க வீட்டுக்காரரு கதவைத் திறந்து, என் மூஞ்சியைப் பார்க்காம உள்ளறைக்குப் போயிட்டாரு. அந்தம்மா முன்னாடி நாற்காலியைக் காட்டினாங்க. ஆளு பாதியா இளைச்சிருக்காங்க.

நான் ஆரம்பிச்சேன். "அம்மா, அந்தப் பையன் கண்டபடி உளறியிருக்கான், நான்…"

"அவர்கிட்ட என்ன சொன்னீங்களோ அதை அப்படியே எனக்குச் சொல்லுங்க"ன்னாங்க.

"எதுக்குங்கம்மா அதெல்லாம்."

"அவருக்குச் சொன்னீங்கல்ல. எனக்கும் சொல்லுங்க."

சொன்னேங்க. என்ன பண்றது. கடையில வெச்சு ஜோரா வந்த பேச்சு, அந்தம்மா முன்னாடி வாயில ஒட்டிக்கிச்சு. நடுக்கூடம்னேன். மஞ்சப் பட்டுன்னேன். கையைக் கூப்பினாங்கன்னு சொல்றதுக்குள்ள எனக்கு வேர்த்துக் கொட்டிருச்சு. அந்தம்மா கண்ணை மூடாம கேட்டுக்கிட்டு இருந்தாங்க.

"மஞ்சப் பட்டுன்னு யார் சொன்னாங்க உங்களுக்கு? அண்ணனா?"

"இல்லீங்க."

"வேற யாரு?"

"யாரும் சொல்லலீங்க. நானாச் சேர்த்தது."

"கும்பிட்டது?"

"அதுவும் நானாச் சேர்த்ததுங்க."

உள்ள குக்கர் சத்தம் கேக்குது. அப்புறம் சொன்னாங்க, சாதாரணமா, கடைக்குப் போயிட்டு வந்ததைச் சொல்ற மாதிரி. "எட்டு மாசமா எனக்கு சாமி கும்பிட முடியல. கையைச் சேர்த்தா அம்மா கை தெரியுது. விளக்கை ஏத்திட்டு அப்படியே நின்னுட்டு வந்துர்றேன்."

நான் என்ன சொல்லட்டும்? எனக்குத் தெரியுமா இது இத்தனை தூரம் வரும்னு? வியாபாரத்துல ஒரு வார்த்தை சொன்னது. அந்தக் குவாரிக்காரன் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்தா இது வருமா? அண்ணன்காரன் ஒரு நாள் உண்மையைச் சொல்லியிருந்தா வருமா? எல்லாரும் சேர்ந்து பண்ணிட்டு என் தலையில வந்து விடியுது.

"அப்ப நெசமாத் தெரிஞ்சது என்ன?"ன்னு கேட்டாங்க.

"ஒரு தோட்டா வெடிச்சிருக்குங்க. அதுக்கப்புறம் யாரும் திறக்கல. அவ்வளவுதாங்க துப்பாக்கி சொல்லும்."

"அதை எழுதுங்க."

லெட்டர்பேடை எடுத்தேன். அவங்களே பேனா குடுத்தாங்க. தேதி போட்டு, ரிவால்வர் நம்பரைப் போட்டு எழுதினேன். நம்பர் எனக்கு மனப்பாடம், பாருங்க. 'மேற்படி ரிவால்வரைத் திறந்தபோது வெடிக்காத தோட்டா ஐந்தும், வெடித்த தோட்டா ஒன்றும் இருந்தன. வெடித்த தோட்டா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எடுக்கப்படாமல் இருந்தது.' வாங்கிப் படிச்சாங்க. உதடு அசைய, ரெண்டு தடவை. திருப்பி என் முன்னாடி வெச்சாங்க.

"விலை போடலையே."

"இதுக்கு எதுக்குங்கம்மா விலை?"

"மதிப்பீடுன்னா விலை இருக்கும்ல. அன்னைக்கு அந்தத் துப்பாக்கிக்கு நியாயமான விலை என்னவோ அதைப் போடுங்க."

பேனாவைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேங்க. ஒரு நிமிசத்துல விலை சொல்றவன்னு சொன்னேன்ல. ஒரு லட்சம்னு போட்டா அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் யார்கிட்டக் காட்டினாலும் சிரிப்பாங்க. ஆறுன்னு போட்டா, அந்தம்மாவுக்கு நான் குடுத்தது ஐம்பதாயிரம். வெளிய எவனோ பழைய பேப்பர் கேட்டுக்கிட்டுப் போறான். அவன் தெருக்கோடி போய்த் திரும்பி வர்ற வரைக்கும் நான் எழுதல.

அப்புறம் எழுதினேன். ரூபாய் மூன்று லட்சம் மட்டும்னு. அரிப்புக்கு முப்பதாயிரம் கழிக்கலாம்னு பக்கத்துலயே போட்டேன். கையெழுத்துப் போட்டு, கடை சீலும் வெச்சேன்.

அந்தம்மா பார்த்தாங்க. "இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"கையில வாங்கினதுமே தெரியுங்க."

"சரி"ன்னாங்க.

காகிதத்தை நாலா மடிச்சு, ஒரு டைரிக்குள்ள வெச்சாங்க. நான் திட்டுவாங்கன்னு உக்காந்திருந்தேன். திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். தயாரா வெச்சிருந்தேன், காலையில பஸ்ல போறப்பவே. அவங்க திட்டவே இல்ல. "இப்படி மதிப்பு எழுதிக் குடுக்க என்ன வாங்குவீங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க.

"வழக்கமா ஐநூறுங்க"ன்னேன். கேட்டாங்க, சொன்னேன். வாய் பழக்கம்.

பீரோவைத் திறந்து ஒரு ஐநூறு ரூபாய் நோட்டை எடுத்துக்கிட்டு வந்து நீட்டினாங்க. வேண்டாங்கம்மான்னு சொல்லணும்னு எனக்குத் தோணுச்சுங்க. சத்தியமாத் தோணுச்சு. தொண்டை வரைக்கும் வந்துச்சு.

ஆனா கை வாங்கிருச்சு. வாங்கி, வெளிச்சத்துல ஒரு தடவை தூக்கிப் பிடிச்சு, நல்ல நோட்டுதானான்னு பார்த்துட்டுத்தான் சட்டைப் பையில வெச்சேன். அந்தம்மா அதையும் பார்த்துக்கிட்டு நின்னாங்க.